பெரிய ரீலுக்குக் கம்பளி ஆகாது

படகு கரை சேர்ந்ததும் ஆட்களுக்கு முன்னால் தூண்டில் ரீல்கள்தான் இறங்கும். மகள் தூண்டில் ராடுகளைக் கட்டாகத் தூக்கி மேலே நீட்டுவாள். அம்மா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, படகுக் கம்பெனி அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு நடப்பாள். உப்பு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு ரீலின் தலையிலும் நரம்பின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குமிழைத் தண்ணீர் புகாதபடி இறுக்கிவிட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து தூறல் போலக் காட்டுவாள். துடைத்துக் காயவைத்த பிறகு எல்லாக் குமிழையும் தளர்த்திவிடுவாள்.

"ராத்திரி பூரா இறுக்கியே வச்சா உள்ள இருக்கிற வாஷர் நசுங்கிப்போயிடும். வேலை முடிஞ்சா அதுவும் கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா?" என்பாள்.

படகுத்துறையில் அவளுக்கு ரீலம்மா என்றுதான் பெயர். "நான் ரீல் விடுறவ இல்லப்பா, ரீலைச் சரிபண்றவ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கணவன் போன பிறகு மீன் கூடை சுமக்க வந்தவள், கழுவும் வேலைக்கு மாறி, கழுவக் கழுவப் பிரித்துப் பார்க்கப் பழகி, ஒன்றைக் கெடுத்து ஒன்றைச் சரிசெய்து இந்த வேலையைப் பிடித்துக்கொண்டவள். இன்று அந்தக் கரையில் எந்தப் படகின் ரீல் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். மகளோ அதே கம்பெனியின் பெரிய படகில் கடலுக்குப் போகிறாள். தூண்டில் போட வரும் வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் நின்று, மீன் கிட்டே வந்ததும் தூண்டில் நரம்பைக் கையால் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போடுவது அவள் வேலை. அந்த வேலைக்கு அந்தத் துறையில் இருக்கும் ஒரே பெண் அவள்தான். அதைச் சொல்லும்போது மட்டும் ரீலம்மாவின் குரல் கொஞ்சம் உயரும்.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு காலை, முதலாளி கம்பளித் துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தாங்க ரீலம்மா. இந்தத் தடவை எல்லா ரீலுக்கும் இதுதான். வட்டமா வெட்டி எண்ணெயில ஊறப்போட்டு மாட்டிடுங்க. கார்பன் வாஷர் வாங்குறதெல்லாம் இனிமே கட்டுப்படியாகாது."

அவள் கம்பளியைப் பிரித்து விரலால் நெருடிப் பார்த்தாள். "நல்ல கம்பளிதான் முதலாளி. சின்ன ரீலுக்கு இதைவிட நயமா ஒண்ணு கிடையாது. மீன் இழுக்க இழுக்க நரம்பைப் பட்டு மாதிரி வழுக்கி விடும். ஆனா பெரிய ரீலுக்கு ஆகாதுங்க."

"ஏன் ஆகாது?"

"பெரிய சூரை மீன் மாட்டினா நிக்காம ஓடும். ஓட ஓட உள்ள சூடேறும். எண்ணெய் காஞ்சு கம்பளி கருகி இறுகிடும். அப்புறம் வழுக்காது, பிடிச்சுக்கும். நரம்பு பட்டுனு போயிடும். கார்பன்னா அந்தச் சூட்டைத் தாங்கும்."

"மீன் என்ன, உள்ள கம்பளியா கார்பனான்னு பார்த்துட்டா கடிக்குது?" முதலாளி தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "செய்ங்கம்மா. பாத்துக்கலாம்."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன சீசனில் பக்கத்துக் கம்பெனிப் படகில் ஒரு ரீல் இப்படித்தான் சிக்கியது. விறைத்து நின்ற நரம்பு அறுந்து, ஈயக்குண்டு வந்த வழியே திரும்பி, பக்கத்தில் நின்ற பையனின் முகத்தில் அடித்தது. பிழைத்துக்கொண்டான். ஒரு கண் இல்லை. அந்தப் பையன் நின்ற இடத்தில்தான் தன் படகில் மகள் நிற்பாள்.

சின்ன ரீல்களுக்குக் கம்பளியை வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டாள். பிறகு கொட்டகையின் மூலையில் கிடந்த செத்த ரீல்களை எல்லாம் இழுத்து வந்து கொட்டினாள். பல் உடைந்தவை, கைப்பிடி போனவை, துரு தின்றவை. ஒவ்வொன்றாகப் பிரித்து, நரம்பு சுற்றும் ஸ்பூலின் வயிற்றுக்குள் இருந்த கார்பன் வாஷர்களை எடுத்தாள். பழைய கிரீஸ் தார் மாதிரி அப்பியிருந்தது. துணியால் வழித்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். ஆடினால் வளைந்திருக்கிறது, தள்ளு. ஓரம் பிசிறடித்திருந்தால் தள்ளு. மேனி கண்ணாடி மாதிரி பளபளத்தால் தேய்ந்துவிட்டது, அதையும் தள்ளு. தேறியவற்றை ஒரே கனமாகப் பார்த்துச் சேர்த்தாள். அடுக்கு மெலிந்துவிட்டால் குமிழை எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. கிரீஸை விரல் நுனியில் தொட்டு, முகத்துக்குப் பவுடர் போடுவதுபோல இரண்டு பக்கமும் தடவி, இரும்பு வாஷர் ஒன்று, கார்பன் ஒன்று என்று மாற்றி மாற்றி இறக்கினாள். பிறகு நரம்பின் நுனியை ஸ்பிரிங் தராசில் கட்டி இழுத்தாள். முள் குதிக்காமல் ஒரே இடத்தில் நின்றது. வழுக்கல் சீராக இருக்கிறது என்று அடுத்த ரீலை எடுத்தாள்.

பெரிய ரீல் நான்கு. மூன்றுக்குத்தான் கார்பன் தேறியது. நான்காவதில் வேறு வழியில்லாமல் கம்பளி போட்டாள். அந்த ரீல்தான் இருந்ததிலேயே புதுசு.

"இத மட்டும் சூரைக்குக் கொடுக்காதடி. சின்ன மீனுக்குத்தான்."

"சரி, மாட்டுறதுக்கு முன்னாடி மீன்கிட்ட எடையைக் கேட்டுக்கிறேன்" என்றாள் மகள்.

"விளையாட்டு இல்லடி."

"தெரியும்மா." மகள் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கண்ணு என்னோடதுதானே."

சூரை வந்த அன்று மத்தியானம் படகு கரைக்கு வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. துறையில் ஆட்கள் ஓடினார்கள். தராசுக் கொக்கியில் மீனைத் தொங்கவிட்டபோது அதன் வால் தரையைத் தொட்டது. பிடித்தவர் ஒரு பல் டாக்டர். வெயிலில் முகம் வெந்து, நிற்க முடியாமல் ஒரு பெட்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கரையில் பல வருஷமாக இவ்வளவு பெரிய மீன் ஏறியதில்லை என்றார்கள்.

மகள் ராடுகளோடு கொட்டகைக்கு வந்தாள். நீல நூலில் கிழிசல் தைத்த கையுறையைக் கழற்றியதும் உள்ளங்கையில் நரம்பு பதிந்த கோடு சிவப்பாகத் தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டர் புது ரீல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரும்மா. 'பளபளன்னு இருக்கே, அதக் கொடு'ங்கறார். முடியாதுன்னுட்டேன்."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?" அண்ணன் என்றது படகு ஓட்டுகிறவரை.

"ஏன் சொல்லாம? 'கஸ்டமர் கேக்கறதக் கொடு, நீ என்ன பெரிய இவளா'ன்னு கத்தினார். 'அண்ணே, அறுந்தா அடி வாங்குறது நீயா நானா'ன்னு கேட்டேன். வாய மூடிட்டார். பழைய ரீலைத்தான் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மாட்டினதும் ஒரே ஓட்டம். ஸ்பூல் காலியாகப் போகுதோன்னு பயந்துட்டேன். ரீல் மேல கைய வச்சா கொதிக்குது. ஆனா ஒரு வெட்டு இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. ஒரே சத்தமா கொய்ங்ங்னு..." மகள் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினாள். "டாக்டருக்குக் கை நடுங்குது. அழுவுற மாதிரி ஆயிட்டார். ரீல் நடுங்கல."

ரீலம்மா அந்த ரீலின் குமிழைத் திருகி எடுத்து, வாஷர்களை ஒவ்வொன்றாகத் துணியில் வரிசையாக வைத்தாள். கிரீஸ் இளகியிருந்தது. கருகல் இல்லை. ஓரம் அப்படியே இருந்தது. செத்த ரீல்களின் வயிற்றிலிருந்து அவள் பொறுக்கியெடுத்தவை. ஒன்றை எடுத்து மகளின் சிவந்த உள்ளங்கையில் வைத்தாள். மகளின் தலையை ஒரு தடவை அழுத்தித் தடவினாள். முடியெல்லாம் உப்பு.

முதலாளி கைகளைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "பாத்தீங்களா ரீலம்மா! கம்பளி ஆகாதுன்னீங்களே!"

"இதுல கம்பளி இல்லங்க" என்றாள் அவள். துணியில் இருந்ததைக் காட்டினாள். "உடைஞ்ச ரீல்ல இருந்து எடுத்துப் போட்ட கார்பன். இனிமே எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. அடுத்த தடவைக்கு வாங்கியே ஆகணும்."

முதலாளி குனிந்து பார்த்தார். அவர் முகம் இன்னும் மலர்ந்தது.

"பழசுலயே இவ்வளவு பெரிய மீன் வருதுன்னா புதுசு எதுக்கும்மா? மத்தக் கம்பெனியிலயும் உடைஞ்ச ரீல் கிடக்கும். கேட்டு வாங்கிக்குங்க. உங்க கைக்கு எதுவும் வேலை செய்யும்." பாராட்டிவிட்ட திருப்தியோடு வெளியே போனார்.

"அம்மா..." என்றாள் மகள்.

"கேட்டேன்ல. இன்னமும் கேப்பேன். வாங்கித் தர்ற வரைக்கும் அந்த நாலாவது ரீல் படகுல ஏறாது" என்றாள் ரீலம்மா. அந்த ரீலை எடுத்துப் பலகையின் உயரத் தட்டில், முதலாளிக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

மறு வாரம் அலுவலகத்தின் முன்கூடத்தில் ஆளுயரப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். நடுவில் சூரை. ஒரு பக்கம் பல் டாக்டர், ரீலை நெஞ்சோடு அணைத்தபடி. இன்னொரு பக்கம் முதலாளி, கட்டைவிரலை உயர்த்தியபடி. கீழே பெரிய எழுத்தில் கம்பெனியின் பெயர். துறையில் கூடை சுமக்கும் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரை ரீலம்மா கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"எங்க உன் பொண்ணு? காணோமே" என்றாள் ஒருத்தி.

"நல்லாப் பாரு. வால் பக்கம்."

படத்தின் கீழோரத்தில் மீனின் வாலை இறுகப் பிடித்த ஒரு கை இருந்தது. கையுறையில் கிழிசலைத் தைத்த நீல நூல் தெரிந்தது. மணிக்கட்டோடு சட்டம் வந்துவிட்டது.

"அந்தக் கை" என்றாள் ரீலம்மா. கண்ணாடியில் கிரீஸ் பட்டுவிடாமல் விரலை ஓரிழை தள்ளியே நீட்டினாள். "அது இல்லன்னா அந்த மீன் நிமிர்ந்தே நின்னிருக்காது."

மூவரும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த கணக்குப்பிள்ளை தலையை உயர்த்தினார்.

"ரீலம்மா, வாடிக்கையாளர் வர்ற நேரம். பின்பக்கமாப் போயிடுங்கம்மா, தரையெல்லாம் ஈரமாகுது பாருங்க."