நாலாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜ்

நான் மட்டுமா வாங்கினேன்? எங்கள் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர் வாங்கினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னை மட்டும் பிடித்துக்கொண்டு ஏசக் கூடாது.

செங்கல்பட்டில் ஒரு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கடை புதிதாக ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, நாற்பத்து நாலாயிரம் ரூபாய் டபுள் டோர் ஃபிரிட்ஜுக்கு நாலாயிரத்து நானூறு என்று விலை போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்தது. இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

ஆனால் என் நிலைமை அப்படி. அடுத்த மாதம் என் மகள் ரோகிணிக்குக் கல்யாணம். கட்டிலும் பீரோவும் வாங்குவதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிட்டது. நிச்சயதார்த்தத்தில் வாய் சும்மா இருக்காமல், "ஃபிரிட்ஜ் டபுள் டோரே போட்டுடறோம் சம்பந்தி" என்று சபையில் சொல்லித் தொலைத்திருந்தேன். மாப்பிள்ளை வீடு திருக்கழுக்குன்றம். சீர் சாமானை நம் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அனுப்பக் கூடாது, வளர்பிறையில் நேராகப் போய் அங்கேதான் இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் டெலிவரி விலாசமாகச் சம்பந்தி வீட்டையே போட்டுப் பணத்தைக் கட்டினேன்.

என் வீட்டுக்காரர் ராஜாராம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் விஜயா, போன வாரம் புதுப்பட்டினம் மார்க்கெட்ல மீன்காரம்மா அம்பது ரூபா அதிகமா குடுத்துட்டாங்கன்னு திருப்பிக் குடுக்க வெயில்ல ஓடினியே?"

"அது வேற. அந்தம்மா மூஞ்சி எனக்குத் தெரியும். கடைக்கு ஏதுங்க மூஞ்சி? வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்கச் சொல்றீங்களா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். திட்டினால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பேசாத மனுஷனிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

திங்கட்கிழமை கடையிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல். "மேடம், விலை தப்பா ஏறிடுச்சு. தயவு செஞ்சு கேன்சல் பண்ணிக்கிறீங்களா? பணம் முழுசா திரும்ப வந்துடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம்தான், இப்போது தெரிகிறது. "விலை போட்டது நீங்க. காசு கட்டினது நாங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா தெரியும் சேதி! ஏம்மா, உன் அப்பன் வீட்டுக் காசா போகுது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "சரிங்க மேடம். சொன்ன தேதிக்கு வந்துடும்" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குழுவில் ஒவ்வொருவராக, "பாவம், கேன்சல் பண்ணிட்டேன்" என்று போட ஆரம்பித்தார்கள். பெரிய தர்மப் பிரபுக்கள்! பதினொன்று எட்டாயிற்று, எட்டு மூன்றாயிற்று, கடைசியில் நான் ஒருத்திதான் பாக்கி. கடைக்காரன் கடைசி நிமிஷத்தில் அனுப்பாமல் விட்டால் சம்பந்தி முன்னால் என் மானம் போகும். அனுப்பிவிட்டாலோ, அந்த மூக்கை உறிஞ்சும் சத்தம். குழம்பு கொதிக்கும்போதுகூட ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

புதன்கிழமை மஞ்சள் குங்குமம், தாம்பூலத்தோடு நாங்கள் இரண்டு பேரும் திருக்கழுக்குன்றம் போனோம். சம்பந்தியம்மா தெய்வநாயகி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் உட்காருவதற்குள் தெருவில் கடைப் பெயர் எழுதிய டெம்போ வந்து நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

தெய்வநாயகி எட்டிப் பார்த்தவர் கன்னத்தில் கை வைத்தார். "இன்னா சம்பந்தி, எங்க சிநேகா வேல செய்ற கடையிலயே வாங்கிகீறீங்க! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சிநேகா, மாப்பிள்ளையின் தங்கை. நிச்சயத்தன்று ஒரே ஒரு முறை பார்த்தது. செங்கல்பட்டில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றார்கள், என்ன ஏது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"அத்த ஏன் கேக்குறீங்க போங்க" என்று அவரே தொடர்ந்தார். "நாலு நாளா அது சரியா துன்னல, இன்னிக்கு வேலைக்கும் போவல. ஏதோ வெலய தப்பா ஏத்திட்டுதாம். ஓனரு, கட பேரு கெட்டுடும், வாங்குனவங்களுக்குக் குடுத்தே ஆவணும்னுட்டு, நஷ்டத்த இவ சம்பளத்துல புடிக்கிறேன்னுகிறாரு. மத்தவங்கல்லாம் வுட்டுக் குடுத்துட்டாங்களாம். எவளோ ஒரு பொம்பள மட்டும், உன் அப்பன் வூட்டுக் காசான்னு கேட்டாளாம். இன்னா நாக்கு பாருங்க அவளுக்கு!"

ராஜாராம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து சிநேகா தட்டில் காபி டம்ளர்களோடு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "எடுத்துக்குங்க அத்தை" என்றாள். அதே குரல். ஆர்டரில் என் பெயர் இருந்தது, அவள் வீட்டு விலாசம் இருந்தது. போன் செய்த அன்றே அவளுக்குத் தெரியும், பேசுவது யார் என்று.

"யாருடி அவ? பேரு இன்னா?" என்றார் தெய்வநாயகி.

சிநேகா என்னைப் பார்க்காமலேயே, "தெரிலம்மா. யாரோ" என்றாள்.

டெம்போக்காரர் சுப்பிரமணி வாசலில் நின்று குரல் கொடுத்தார். "அம்மா, உங்க போனுக்கு ஓடிபி வந்துகீதா பாரு. அத்த சொன்னாத்தான் எறக்க முடியும்."

வந்திருந்தது. நாலே நாலு எண். சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஃபிரிட்ஜ் இறங்கிவிடும், ஆரத்தி எடுப்பார்கள், அந்தப் பெண்ணும் கடைசி வரை வாயைத் திறக்க மாட்டாள். என் மகள் நாளைக்கு வாழப்போகிற வீடு இது. தெரிந்தால் தெய்வநாயகி அவளை எந்தக் கண்ணால் பார்ப்பார்? சொல்லடி, சொல்லிவிட்டுப் போ என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இறக்காதீங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன். "சம்பந்தி, அந்த நாக்கு என்னோடதுதான்."

சிநேகாவின் கையைப் பிடிக்க எழுந்தேன். "இப்பவே கேன்சல் பண்ணிடறேன்மா. எப்படிப் பண்ணணும், சொல்லு."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, காலி தட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"ஓடிபி குடுக்கலைன்னா தானா கேன்சல் ஆயிடும்" என்றாள். "ஏழு நாள்ல உங்க அக்கவுண்டுக்குப் பணம் வந்துடும், மேடம்."