பெற்றோர் சொன்ன குறைகள்

இளைஞர் நலத் திட்டத்தால் பிள்ளைகளுக்கு ஏதாவது பலன் உண்டா என்று பார்க்க மதிப்பீட்டு அதிகாரி வருகிறார் என்றதும் நிர்வாகிக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்து வட்டாரத்தில் இப்படி வந்து பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் இரண்டு திட்டங்களுக்கு மூடுவிழா நடத்தினார் என்று கேள்வி.

நிர்வாகி சும்மா இருக்கவில்லை. ஒட்டடை அடித்தார், ஆடாத நாற்காலிகளாகப் பார்த்து முன்வரிசையில் போட்டார். கூச்சமில்லாமல் பேசும் மூன்று பிள்ளைகளைப் பொறுக்கி, என்ன சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்கவும் வைத்தார்.

அதிகாரி வந்தார். முதல் இருவரும் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டதாக ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள். மூன்றாவதாக எழுந்த பெண் பாதியில் நின்றுவிட்டாள்.

"மேடம், இது சார் சொல்லச் சொன்னது. மனசுல இருக்கிறதை நேராச் சொல்லணும்னு வகுப்புல சொல்லிக் கொடுத்ததும் சார்தான். இப்ப நான் எந்த சார் பேச்சைக் கேக்கிறது?"

நிர்வாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "சாயங்காலம் பெத்தவங்களை வரச் சொல்லுங்க" என்றார்.

வந்தவர்கள் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"முன்னாடியெல்லாம் நான் கத்தினா என் பையன் கதவைச் சாத்திக்குவான். நானும் நிம்மதியா கத்தி முடிப்பேன்" என்றாள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண். "இப்ப எதிர்ல உக்காந்து, 'அம்மா, கோபம் என் மேலயா, வேலை மேலயா?'ங்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?"

பஸ் டிரைவர் ஒருவர் எழுந்தார். "என் பொண்ணு ஒருநாள் என் பஸ்லயே ஏறினா. எவனோ குறுக்கே வந்தான், நாலு வார்த்தை திட்டினேன். பின்னாலேர்ந்து, 'அப்பா, மூச்சை இழுத்து விடுங்க'ன்னா. பஸ்ல இருந்த அத்தனை பேரும் இழுத்து விட்டாங்க!"

ஒவ்வொரு குறைக்கும் நிர்வாகி நாற்காலிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். கடைசியில் தலை மட்டும்தான் மேசைக்கு மேலே தெரிந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப, திட்டத்தை நிறுத்திடலாம்னு எழுதிடட்டுமா?"

டிரைவர் துள்ளி எழுந்தார்.

"நிறுத்தறதா? அப்படி யாரு சொன்னா?" டிரைவருக்குக் கோபமே வந்துவிட்டது. "வேலை முடிஞ்சு வந்தா என் பொண்ணு, 'இன்னைக்கு எப்படி இருந்துச்சுப்பா?'ன்னு கேக்கிறா. நான் பதில் சொல்ற வரைக்கும் நிக்கிறா. இத்தனை வருஷத்துல என்னை யாரு கேட்டா?"

"எங்களுக்கும் ஒரு வகுப்பு வைங்க" என்றாள் துணி வெளுக்கும் பெண். "அதுங்க மட்டும் பேசக் கத்துக்கிட்டா நாங்க எப்படி ஈடு கொடுக்கிறது?"

எல்லாரும் போன பிறகு நிர்வாகி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒருத்தர் விடாம குறை சொன்னாங்களே, மேடம்..."

"வீட்ல ஏதாவது மாறினாத்தானே சார் குறை சொல்லத் தோணும்? நான் மூடின இடத்துல எல்லாரும் 'நல்லாத்தான் இருக்கு'ன்னாங்க. அதுக்கு மேல சொல்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல." பையை எடுத்துக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார். "அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. அது ஒண்ணே போதும், உங்க திட்டம் வேலை செய்யுதுன்னு காட்ட."

திட்டம் நீண்டது. பெற்றோர் வகுப்பும் தொடங்கியது. முதல் நாள் நிர்வாகி உற்சாகமாக உள்ளே நுழைந்து, "யாருக்கு என்ன சந்தேகம்னாலும் கூச்சப்படாம கேளுங்க" என்றார். முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அவர் மனைவி.

"வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கிட்டு வாயே திறக்காத புருஷனை எப்படிங்க பேச வைக்கிறது?"

நிர்வாகி மூச்சை இழுத்து விட்டார்.