ஒற்றைக் கை

1

இந்தக் கதை என் கட்டைவிரலிலிருந்து வந்தது. ஆனாலும் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் வரி நகர மாட்டேன் என்கிறது. மஜோக் என்று பெயர் வைக்கிறேன். கார்ட்டூமில், நைல் கரைச் செங்கல் சூளையில் மண் மிதிப்பவன். தெற்கத்தியான்.

தொடக்கம்: "இரண்டாயிரத்துப் பதினொன்றில் சூடான் இரண்டாகப் பிளந்தபோது பூமி..."

(இல்லை. மண் மிதிக்கிறவனுக்குப் பூமி பிளந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை.)

2

மறுபடியும். மஜோக்கின் மனைவி அவூத் சூளை வாசலில் தேநீர் விற்பாள். மேஸ்திரி பாபிக்கர் வடக்கத்தியான்.

"எல்லாம் இங்கிலீஷ்காரன் வேலை, அவூத். தெக்கே போக எங்க தாத்தனையே அனுமதிச் சீட்டு வாங்க வச்சான். நடுவுல சுவரு கட்டுனவன் அவன்."

"அவன் போயி அம்பத்தஞ்சு வருசமாச்சே, மேஸ்திரி. சுவத்துக்கு வருசா வருசம் வெள்ளையடிச்சது யாரு?"

"நான் அடிச்சேனா?"

"சண்டையில செத்த என் தம்பியைப் புதைச்ச எடத்துக்கு வாங்க, அங்க கேளுங்க. சக்கரை போதுமா?"

(அவர் சொன்னது பொய்யில்லை. அவள் சொன்னதும்தான். சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை எப்படி ஒரே பக்கத்தில் அடக்குகிறார்களோ!)

3

தெற்கு தனி நாடாவதா, சேர்ந்தே இருப்பதா என்று தெற்கத்தியாரிடம் வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள். கோத்த இரு கைகள். விரித்து உயர்த்திய ஒற்றைக் கை. மஜோக்குக்கு அப்போது எழுத்துத் தெரியாது. வானொலியில் விளக்கினார்களாம், அவன் வானொலியில் பேட்டரி தீர்ந்திருந்தது.

பிரிய அவனுக்கு மனமில்லை. இந்தக் கரையை விட்டால் வேறு ஊர் தெரியாது. கைகோப்பது விடைபெறுகிறவர்கள் செய்வது என்று நினைத்தான். ஒற்றைக் கை 'நில், போகாதே' என்றது. அதில் விரலை வைத்தான்.

வீட்டில் சொன்னதும் அவூத் கட்டிக்கொண்டாள்.

"நீயும் அதுலதானா! மேஸ்திரிகூடக் கெடந்து நீ மாறிட்டியோன்னுல்ல நெனச்சேன்!"

அன்றைக்கு மீன் குழம்பு. ஏன் இந்த விருந்து என்று அவன் கேட்கவில்லை.

4

இரண்டு மாதம் கழித்துத் தேவாலயத்து மாலை வகுப்பில் அரபு எழுத்துக் கற்றான். சுவரில் அந்த வாக்கெடுப்பின் பழைய விளம்பரத் தாள். ஒற்றைக் கையின் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டினான்: இன்... ஃபி... சால்.

பிரிவு.

அவனுக்கு

(மூன்று வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். அவன் முதன்முதலாகத் தானே படித்த சொல் அது. அதற்குமேல் எழுத வரவில்லை. அவன் விரல் இல்லாமலும் நாடு பிரிந்திருக்கும் என்பீர்கள். சொல்லிப் பாருங்கள், அவனிடம்.)

5

அடுத்த வருடம், நைல் துறைமுகமான கோஸ்தியிலிருந்து தெற்கே, புது நாட்டுக்குப் படகு. அவூத் கட்டில் வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். "பிரிவுன்னு சொன்னா வாயிலயே போடுவேன். விடுதலைன்னு சொல்லு."

முடிவு ஒன்று: மஜோக் உண்மையைச் சொல்கிறான், அவள் தனியே போகிறாள்.

முடிவு இரண்டு: சொல்லாமல், அவள் கண்ணுக்கு வீரனாகவே அவனும் படகேறி...

இரண்டாவதை எழுதிக்கொண்டிருந்தபோது, மூட்டை கட்டும் கயிற்றோடு அவள் வந்து உட்கார்ந்தாள்.

"என்னத்தக் கிறுக்குற? படி, கேப்போம்."

"கதை. மஜோக்குன்னு ஒருத்தன்."

படிக்கத் தொடங்கினேன்.

"அவன் பொண்டாட்டிக்கு ஏன்யா என் பேரு?" என்று சிரித்தாள்.

நான்காம் பகுதியில் அவள் கை கயிற்றை விட்டுவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இதோ, இந்த வரிவரை படித்தாகிவிட்டது. அவள் என்னையே பார்க்கிறாள். அடுத்த வரி அவளுடையது. எழுத எனக்குத் துணிவில்லை, நீங்கள் எழுதுங்கள்.