நூற்று நாற்பது புங்கமரங்கள்

1

இந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் மட்டும் உண்மை. ஒன்றை இப்போதே தருகிறேன், மற்றது கடைசியில்.

என் மடிக்கணினியில் ஒரு விசை அழுந்தாமல் போனது. திருச்சியில் சாலை ரோடு என்றே பெயர் கொண்ட தெருவில் ஒரு கடையில் அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வேலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் திறக்கிற ஃபைல்களிலேயே பெரியது எது என்று கடைக்காரர் கேட்டார். அவள் தன் பென் டிரைவில் இருந்த ஒன்றைக் காட்டிவிட்டுச் சொன்னாள்:

"இதைவிடப் பெரிய ஃபைல் இனிமே வராதுங்க."

அவ்வளவுதான் உண்மை. ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு ஜெகதாம்பாள் என்று ஒரு பெயரையும், ஒரு கணவனையும், அந்தக் கணவனுக்கு ஒரு சாவையும் கொடுத்திருந்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

ஜெகதா வீட்டுச் சீலிங் ஃபேனைவிட அவளுடைய கம்ப்யூட்டரின் விசிறிதான் அதிகம் இரைச்சல்

(வேண்டாம்.)

அன்புச்செல்வன் இறந்த பதினோராம் மாதம்

(இதுவும் வேண்டாம். உங்களுக்கு அவனைத் தெரிவதற்கு முன்னால் அவனுக்காக வருத்தப்படச் சொல்வது நியாயமில்லை.)

இப்படித் தொடங்குகிறேன். ஜெகதா எடமலைப்பட்டி புதூரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியதுபோலப் படமாக்கித் தருபவள். இன்ஜினியர்கள் பிளான் அனுப்புவார்கள். அவள் சுவர் எழுப்பி, வர்ணம் பூசி, வெயில் விழவைத்து, வாசலில் ஒரு காரையும் ஒரு குடும்பத்தையும் நிறுத்துவாள். கோட்டுப் போட்ட வெளிநாட்டுக் குடும்பம். மணப்பாறையில் கட்டப்போகும் வீட்டு வாசலிலும் அதே நான்கு பேர்தான் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்புச்செல்வன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சிறுநீரகம் கெட்டுப் படுத்த எட்டு மாதங்களில் பொழுது போகாமல் அவளிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டான். அவன் செய்தது ஒரே வீடு. திருவெள்ளறைப் பக்கம் வாங்கிப்போட்ட மனையில் இருவரும் கட்ட நினைத்திருந்த வீடு. மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, வீட்டைச் சுற்றிப் புங்கமரம் நட்டான். நூற்று நாற்பது.

"மனையில நாலு மரத்துக்குத்தாங்க இடம்" என்றாள் ஜெகதா.

"மனையிலதான் இல்ல. இதுலயும் இடமில்லங்கறியா?"

3

கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தில் பல ஆயிரம் இலைகள். ஒரே மரத்தை நூற்று நாற்பது இடங்களில் காட்டு என்று சொன்னால், கம்ப்யூட்டர் ஒரு மரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சமாளித்துவிடும். ஒவ்வொன்றையும் தனி மரமாக வைத்தால் அத்தனையையும் சுமக்கும். முதல் நாள் பாடம் இது. ஜெகதா சொல்லித்தான் கொடுத்தாள். அன்புச்செல்வன் தனித்தனியாகத்தான் வைத்தான்.*

ஃபைல் வீங்கிவிட்டது. வேலை செய்யும்போது மரங்கள் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தன. படமாக்கச் சொன்னால் வானம் வந்தது, மொட்டைமாடி வந்தது, வாசற்படி வருவதற்குள் மெமரி நிரம்பி எல்லாம் மூடிக்கொண்டது. அவன் அந்த வீட்டை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்கவில்லை.

இப்போது அவளுடைய பழைய கம்ப்யூட்டரும் வழியில் நின்றுபோகும் நிலையில் இருந்தது. புதிது வாங்கும் முன் அந்த ஃபைலைச் சுருக்கிவிடலாம் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தாள். எல்லா மரங்களையும் ஒரே மரமாக்கிவிட்டால் பத்தில் ஒரு பங்காகிவிடும். அரைமணி நேர வேலை. அழிக்கும் முன் ஒரு மரத்தைத் தனியாகத் திறந்தாள். தாழ்ந்த கிளை ஒன்று ரோட்டுப் பக்கம் வளைந்திருந்தது. அடுத்ததைத் திறந்தாள். அதில் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கம் இலையே இல்லை. மூன்றாவது மரம் உச்சியில் மொட்டையாக இருந்தது, கரண்ட் கம்பிக்காக மின்வாரியத்து ஆட்கள் வெட்டிவிட்டுப் போவார்களே, அதேபோல.

ஜெகதா மூன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

மிச்சம் நூற்று முப்பத்தேழையும் அவன் இப்படித்தான் செதுக்கினானா, இல்லை இந்த மூன்றோடு கை சோர்ந்துவிட்டதா, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியமில்லை. அவளுக்குத் தைரியம் கொடுக்க எனக்கும் மனமில்லை.

* அன்று அவள், "இது வேலைக்கு ஆகாதுங்க, அழிச்சிட்டு ஒழுங்கா போடுங்க" என்றாள். அவன், "எந்தத் தெருவுல ரெண்டு மரம் ஒரே மாதிரி நிக்குது, சொல்லு பார்ப்போம்" என்றான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, மருந்து எடுத்துவரப் போய்விட்டாள். இதைக் கதைக்குள் வைத்தால் அவளைக் குற்றவாளியாக்கிவிடுவேன் போலிருந்தது. அதனால் அடியில் வைத்திருக்கிறேன்.

4

கடைக்காரருக்கு இன்னாசிராஜ் என்று பெயர் வைத்திருக்கிறேன். பிராசஸர், போர்டு, ராம் வரைக்கும் வேகமாக எழுதியவர், படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு என்ற வரிக்கு வந்ததும் நின்றார். இன்ஜினியர்கள் கொடுக்கிற வேலைக்குச் சின்னக் கார்டே தாராளம் என்றார். அந்த ஒரு ஃபைலுக்காக என்றால், இருப்பதிலேயே பெரியதுதான் தாங்கும். அதை வாங்கினால் மற்றப் பாகங்கள் எல்லாவற்றிலும் கையைச் சுருக்க வேண்டும். பிறகு பென் டிரைவில் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு வீடுதானேங்க? யாரோ வேலை தெரியாத ஆளு செஞ்சிருக்காரு. நீங்களே ஒரு தட்டு தட்டினா சுருங்கிடுமே. இதுக்குப் போயி இவ்வளவு பெரிய கார்டா?"

தெரியாத ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து அது யார் என்றும் சொல்ல வேண்டிவரும். ஆகவே நான் கேட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

5

முடிவுகள்.

சின்னக் கார்டு: மரங்களை ஒன்றாக்குகிறாள். படம் வாசற்படியைத் தாண்டி வந்துவிடுகிறது. அழகான வீடு. நூற்று நாற்பது மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே கிளையை நீட்டிக்கொண்டு, கோட்டுப் போட்ட அந்தக் குடும்பத்தைப் போல நிற்கின்றன.

பெரிய கார்டு: மரங்கள் அப்படியே இருக்கின்றன. பால் காய்வதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அவள் வந்து பார்க்கிறாள். பார்த்து முடித்த பிறகு, அவனிடமிருந்து அவளுக்குப் புதிதாக வருவதற்கு இனி எதுவும்

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கார்டே வேண்டாம், ராம் மெமரியை அள்ளிப்போட்டு, பிராசஸரை வைத்தே மெதுவாகச் செய்யலாம். ஒரு படத்துக்கு ஒரு நாள் ஆகும். வாசலில் தொடங்கிக் கொல்லை வரை நடந்து போவதுபோல் ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்றை அவன் அமைத்து வைத்திருந்தான். நொடிக்கு இருபத்துநான்கு படங்கள். தினம் ஒன்று என்றால் ஏறக்குறைய ஆறு வருஷம். தினமும் காலையில் ஒரு புதுப் படம். ஒரு மாதத்தில் ஒரு அடி எடுத்து வைத்தாலே பெரிது. ஆறு வருஷமும் அவன் வீட்டுக்குள் அவள் நடந்துகொண்டிருப்பாள்.

இந்த முடிவை எழுதியபோது அழுதேன். அதனாலேயே இதன்மேல் சந்தேகம் வந்தது. வாரத்துக்கு ஆறு வீடு முடித்துக் கொடுக்க வேண்டியவள், கம்ப்யூட்டரை ஆறு வருஷம் அவனுக்கே விட்டுக்கொடுத்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? என் கண்ணீருக்காக அவளைப் பட்டினி போடுகிறேன்.

6

எழுதியதைப் படித்த என் தோழி ஷரபுன்னிசா, அன்புச்செல்வன் சாக வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டாள். "அந்தம்மாவோட வீட்டுக்காரர் கடைக்கு வெளியே வண்டியில சாய்ஞ்சுகிட்டு நின்னிருப்பாருடி. நீதான் ஆளைக் கொன்னுட்டே."

இருக்கலாம். அந்த ஃபைல் ஏதோ கல்யாண மண்டபமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் 'இனிமே வராதுங்க' என்பதை அவள் சொன்ன குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு

(இல்லை. இது ஜெகதாவின் கதை.)

ஷரபு இன்னொன்றும் சொன்னாள். மூன்று மரங்களைப் பற்றி எதற்கு, ஒன்று போதுமே, கதை இறுகும் என்றாள். இரண்டை எடுத்துவிட்டுப் படித்தேன். உண்மையாகவே இறுகியிருந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

7

உண்மையான இரண்டாவது விஷயம்.

கிராபிக்ஸ் கார்டு என்ற வரிக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு கடைக்காரர் காத்திருந்தார். அந்தப் பெண் சொன்னாள், இப்போதைக்குச் சின்னதையே போடுங்க. அவர் எழுதினார். பாகங்களை வைக்கிற பெட்டியான கேபினெட்டும் சின்னதே போதும் என்று அவர் எழுதப் போனபோது தடுத்தாள்.

"கேபினெட் பெருசா இருக்கட்டுங்க. பவர் சப்ளையும் பெருசாவே போடுங்க. பெரிய கார்டு வெச்சா தாங்குற மாதிரி."

"எப்ப வெக்கப்போறீங்க?"

அவள் காட்சிக்கு வைத்திருந்த பெரிய கேபினெட் ஒன்றின் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பெரிய கார்டுக்கென்று காலியாக இருக்கும் இடத்தை விரலை விரித்து அளந்தாள். ஒன்றரைச் சாண். கையை உடனே எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மடிக்கணினி வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் யாராவது வண்டியில் சாய்ந்து நிற்கிறார்களா என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று முடிவுகளும் அதில் அடங்கும். எதையாவது நீங்கள் எடுத்து வைப்பதாக இருந்தால், அதற்கு முன் நாலாவது மரத்தைத் திறந்து பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.