சாவிக்கு அடங்காத எஞ்சின்

ஒதாலிஸின் மகன் யுனியல் கடல் தாண்டி, அமெரிக்காவில் தம்பாவில் இருக்கிறான். அக்கம்பக்கத்தில் அவள் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அப்பன்மேல் உள்ள கோபத்தில் போன் பண்ணாமல் இருக்கிறானாம். இரண்டு கூட்டாளிகளோடு படகேறிப் போனவனிடமிருந்து வருஷக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை என்பது சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மிர்த்தா மட்டும் வேலியோரம் வந்து, பையன் பேசினானா என்று விடாமல் கேட்பாள். கோபம் தணியட்டும், பேசுவான் என்பாள் இவள்.

அவர்களுடைய கடலோர ஊரான கைபாரியெனில் பெட்ரோல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதையாகிவிட்டது. டீசலாவது டிராக்டர்காரர்களிடம் மறைவாகக் கிடைக்கும். அதனால் அவள் புருஷன் எலியோதோரோ, தன் அப்பா காலத்துப் பிக்கப்பில் டீசல் எஞ்சின் வைக்கத் துணிந்தான். மெக்கானிக் ரெம்பெர்த்தோ சாகுவாப் பக்கத்து மீன்காரர்களிடமிருந்து ஒன்றை வாங்கி வந்தான். முற்றத்து மாமரக் கிளையில் சங்கிலி போட்டுப் பழையதை இறக்கி, வந்ததை ஏற்றினார்கள். அது பழைய இடத்தில் உட்காரவில்லை. தண்டவாளத் துண்டை அறுத்துப் பற்றவைத்து உட்கார வைத்தார்கள். சோதித்துப் பார்க்க ஒரு கேனில் கொஞ்சம் டீசல் ஊற்றித் தொங்கவிட்டார்கள்.

ஒதாலிஸ் அடுப்படியில் கறுப்பு பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். வெளியே எஞ்சின் இருமி எழுந்தது. நாலு தட்டு, ஒரு தயக்கம், மறுபடி நாலு தட்டு. கரண்டி அப்படியே நின்றது. இந்த நொண்டி நடை அவள் கேட்டதுதான். பாசன பம்ப்பிலிருந்து கழற்றிய எஞ்சினைப் படகுக்காக யுனியல் இதே முற்றத்தில் ஓட்டிப் பார்த்த நாட்களில், இந்தச் சத்தத்தோடுதான் அவள் சமைத்தாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது எலியோதோரோ சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்தான். அப்போதும் ஓடியது.

"என்னடா இது, பேய் புகுந்த மாதிரி?"

ரெம்பெர்த்தோ சிரித்தான். "ஆயுசெல்லாம் பெட்ரோல் ஓட்டினவன் எல்லாம் பண்ற தப்பு கிழவா இது. டீசலுக்குப் பொறி வேணாம், சாவிக்கெல்லாம் அடங்காது. எண்ணெய நிறுத்தினாத்தான் நிக்கும். அந்தக் கம்பிய இழு. எஞ்சினோட பிடியும் சேர்ந்தே வந்துச்சு."

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சைக்கிள் பிரேக் கம்பி. அதன் நுனியில் பிடியாக, துளை போட்ட டொமினோ காய். இரண்டு பாதியிலும் ஒன்பது புள்ளி. ஆட்டக்காரர்கள் சவப்பெட்டி என்று சொல்லும் காய்.

எலியோதோரோவின் டொமினோ பெட்டியில் இல்லாத காய் அது. மகன் போன நாளிலிருந்து, அட்டைத் துண்டில் புள்ளி போட்டுத்தான் அவன் ஆடிக்கொண்டிருக்கிறான். போகிறவன் என் காயையும் திருடிக்கொண்டு போனான் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை திட்டியிருப்பான்.

"எந்தப் படகுல இருந்தது இது?" என்றாள் ஒதாலிஸ்.

"யாருக்குத் தெரியும் அக்கா? தானா கரை ஒதுங்குச்சாம்."

"ஆளுங்க?"

ரெம்பெர்த்தோ கந்தலில் கையைத் துடைத்தான். "படகு மட்டுந்தான் வந்துச்சுன்னாங்க."

எலியோதோரோவின் கை காயை நோக்கிப் போய், தொடாமல் நின்றது. "கிழவி, இழுக்கவா?"

"தொடாத. அவன் ஓட்டினது. அதுவா நிக்கட்டும்."

அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீசல் வீணாகிறதே என்று ஆரம்பித்த ரெம்பெர்த்தோ, இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு மாமரத்தடிக்கு நகர்ந்தான். அடுப்படியிலிருந்து பீன்ஸ் தீய்ந்த வாடை வந்தது. இருக்கை அதிர, கம்பியில் அந்தக் காய் ஆடிக்கொண்டே இருந்தது, யாரோ விரலால் சுண்டிவிட்டாற்போல.

கேன் வறண்டது. நாலு தட்டு. தயக்கம். அடுத்த தட்டுக்கு அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். அது வரவில்லை.

வேலிக்கு மேலே மிர்த்தாவின் தலை தெரிந்தது. "கேட்ட சத்தமா இருந்துச்சே ஒதாலிஸ். பையன் பேசினானா?"

"பேசினான்," என்றாள் ஒதாலிஸ். "இப்பத்தான் முடிச்சான்."