சபாரத்தினத்தின் மேல் விழுந்த அடிகள்

பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், ரைஸ்லிப் மைதானத்தில் ஆரணனின் விலாவில் இறங்கிய முழங்கை, வெம்பிளிப் பக்கத்து ரயில் நிலையமொன்றில் டிக்கெட் வாசலில் வேலைக்கு நின்ற அவனுடைய தகப்பன் சபாரத்தினத்தின் விலா எலும்பை உடைத்தது. ஆரணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பந்தைக் காலால் தட்டிக் கைக்கு எடுத்து, குறுக்குக் கம்பத்துக்கு மேலால் உதைத்து, லண்டன் அணிக்கு ஒரு புள்ளி சேர்த்தான். சபாரத்தினம் தடுப்புக் கதவைப் பிடித்தபடி குந்தினார். அவருக்கு முன்னால் நின்ற பெண் தன்னுடைய பயணப்பெட்டிதான் இடித்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். அவருக்கு வலியைவிடக் கோபமே முதலில் வந்தது. சீருடையோடு நிற்கும்போது, அறுபது தாண்டிய வயதில், யார் அடித்தது என்றே தெரியாமல் அடி வாங்கியவனுடைய கோபம் அது.

அயர்லாந்துக்காரரின் கால்பந்தை லண்டனிலும் ஆடுகிறார்கள் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், எதிராளியைத் தோளால் இடிக்கலாம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. அயர்லாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அணி உண்டு. கடல் கடந்து வந்தவர்களுக்காக லண்டனையும் ஒரு மாவட்டமாகக் கணக்கெடுத்து அதற்கும் ஓர் அணி வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் தோற்கும். கட்டடங்களில் மின்வேலை செய்யும் ஆரணனை, அங்கே கூட வேலை செய்த ஐரிஷ்காரர்கள் தங்கள் கிளப்புக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அவன் பெயர் ‘ஆரி’. ஐந்து வருடம் ஆரியாக ஆடியபோது விழுந்த அடியெல்லாம் அவனுக்கே நொந்தது. பிறகு மாவட்ட அணிக்குத் தெரிவானான். மைதானத்தில் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும் மரினா அவனைத் தொலைபேசியில் அழைத்து முழுப்பெயர் கேட்டாள். வீட்டில் பழக்கியிருந்தபடி, தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்து, சபாரத்தினம் ஆரணன் என்றான் அவன். முதலில் வந்ததையே அவனுடைய பெயர் என்றும் அடுத்ததைக் குடும்பப் பெயர் என்றும் மரினா எடுத்துக்கொண்டாள். இது இந்த நாட்டில் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் மரினா பெயர்களை மதிப்பவள். பிழையாகச் சொல்லி ஒருவரை நோகடிக்கக்கூடாது என்று ஒரு வாரம் சமையலறையில் நின்று ‘சபாரத்தினம்’ என்று சொல்லிப் பழகினாள். அதுவரை அந்தப் பெயரை இந்த நாட்டில் வெள்ளையர் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. ஆசிரியர்கள், மேலதிகாரிகள், வைத்தியர்கள் எல்லாரும் பாதியிலேயே வெட்டிவிடுவார்கள். பிழையாகச் சொன்ன பெயர் யாரையும் போய்ச் சேராது. மரினா சரியாகச் சொன்னாள். அடிகள் உரிய ஆளைப் போய்ச் சேர்ந்தன.

இதை முதலில் கண்டுபிடித்தவள் சபாரத்தினத்தின் மனைவி தவமலர். அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய முழங்காலுக்குக் கீழே சப்பாத்து ஆணிகளின் தடம் வரிசையாக எழும்பியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்டம் முடியும்வரை பொறுத்திருந்து மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“உனக்கு இண்டைக்கு ஆரும் காலிலை மிதிச்சவையே?”

“ஓம் அம்மா, ஒரு செம்பட்டைத் தலையன் ஏறி மிதிச்சவன். ஆனா நோகேல்லை.”

“உனக்கு எப்பிடி நோகும்,” என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.

தவமலர் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டார். அவள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து புருஷனுடைய பெயரை வாயால் சொன்னவள் அல்ல. “ஆரணன்ரை அப்பாவுக்கு,” என்றாள். அவசரத்தில் இருந்த ஐயரின் காதில் முன்பாதிதான் விழுந்தது. அர்ச்சனை மகனைப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆட்டத்தில் ஆரணன் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடினான், கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்துப் புகுந்தான், லண்டன் அணி வென்றது. சபாரத்தினத்துக்கு இரண்டு பற்கள் போயின. அயர்லாந்துப் பத்திரிகை ஒன்று பயம் என்பதே அறியாத சபாரத்தினம் என்று எழுதியது. அதை ஆரணன் கிழித்துக் குப்பையில் போட்டான். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அடிக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி ஆடினான். அணி வரிசையாகத் தோற்றது. கரையில் நின்றவர்கள் சபாரத்தினம் ஒரு கோழை என்று கத்தினார்கள். மகன் பயப்படுவதைப் பார்க்க ஒருநாள் நேரில் வந்திருந்த சபாரத்தினத்தின் காதில் அது விழுந்தது. விலா உடைந்தபோது வந்ததைவிடப் பெரிய கோபம் அவருக்கு அப்போது வந்தது.

“அடி விழுறது எனக்கு. நீயேனடா பயப்பிடுறாய்?” என்று வீட்டுக்கு வந்ததும் தொடங்கினார்.

“உங்களுக்கு விழுறபடியாத்தானே.”

“நான் அழுதனானே? ஒருநாளாவது லீவு போட்டனானே? என்ரை பேரைச் சொல்லிக் கோழை எண்டிறாங்கள்.”

“அதுதான் அப்பா பிரச்சினை. ஸ்கூல் சேர்டிபிகேட்டிலை உங்கடை பேர். லைசென்ஸிலை உங்கடை பேர். பாங்கிலை போய் நிண்டா என்ரை பேரைக் குடும்பப் பேராக்கி, மிஸ்டர் ஆரணன் எண்டு ஆரையோ கூப்பிடுறமாதிரிக் கூப்பிடுறாங்கள். அடியாவது என்ரை பேரிலை விழட்டும்.”

“உனக்கு அடி விழக்கூடாதெண்டுதானடா நான் இந்த நாட்டுக்கு வந்தனான்.”

“அதைத்தானே பிறந்த நாளிலை இருந்து சொல்லிக் காட்டுறியள்.”

சபாரத்தினம் கையை ஓங்கினார். ஓங்கிய கையை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. மகனை அடித்தால் அது தனக்கே வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். கையை அப்படியே வைத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினார். அந்த மார்ச் மாதம் முழுக்க அந்த வீட்டில் ஹீட்டர் போடவில்லை. மூன்று பேரின் கோபமும் போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் குஜராத்திக் குடும்பம் தங்கள் பக்கத்துச் சுவரில் துணி காயப்போட்டது.

ஏப்ரலில் பெரிய போட்டி வந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து பலமான மாவட்ட அணி ஒன்று விமானமேறி ரைஸ்லிப்புக்கு வந்தது. தோற்றால் அந்த வருடம் அத்தோடு முடிந்தது. ஆரணன் நேராக மரினாவிடம் போய், தன் பெயர் ஆரணன் என்றும், மற்றது அப்பாவுடையது என்றும், அடிகள் இடம் மாறிப் போகின்றன என்றும் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. தன்னுடைய தகப்பனின் ஊரிலும் ஒரே பெயரில் பலர் இருந்ததால் அப்பன் பெயரைச் சேர்த்தே கூப்பிடுவார்கள் என்றும், ஒருவருக்கு வந்த காய்ச்சல் இன்னொருவருக்குப் போய்விடுவதுண்டு என்றும் சொன்னாள். ஆனால் பழகுவதற்கு ஒரு வாரம் இல்லை. ஒலிபெருக்கியில் அவள் ‘ஆரனன்’ என்றாள். முதல் இடி விழுந்தபோது அப்பனுக்கும் நோகவில்லை, மகனுக்கும் நோகவில்லை. மைதானத்து மூலைக்கொடி இரண்டாக முறிந்தது. அவள் திருத்தி ‘அரணன்’ என்றாள். அடுத்த இடியில் தேநீர்க்கடைக் கேத்தல் நசுங்கியது. சனம் தங்கள் தலையைப் பார்த்துக்கொண்டு பின்வாங்கத் தொடங்கியது.

சபாரத்தினத்தோடு கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தவமலர் எழும்பினாள். அவள் ஒலிபெருக்கிக் கூண்டின் படியேறிப் போவதைச் சபாரத்தினம் கண்டு பின்னால் ஓடினார்.

“என்ரை பேரையே வாசிக்கச் சொல்லு,” என்றார்.

“பேசாமல் இருங்கோ. ஆரோ ஒருத்தர் வாங்கத்தானே வேணும். ஆசைப்பட்டவன் வாங்கட்டும்.”

“பெத்த தாய் கதைக்கிற கதையே இது?”

“பெத்ததாலைதான் கதைக்கிறன். நீங்கள் தள்ளி நில்லுங்கோ.” பிறகு மரினாவின் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து தன் நாக்கைக் காட்டி, “மேலை மடி பிள்ளை. இன்னும் மேலை. ண. ண,” என்றாள். மரினாவுக்கு மொழி விளங்கவில்லை, நாக்கு விளங்கியது. நான்காவது தடவை அவள் ஆரணன் என்று சொன்னாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் சொல்வதைப்போல இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்த தவமலர் இரண்டு கைகளாலும் தன் கண்ணை மூடிக்கொண்டாள்.

எதிரணியின் பின்வரிசை ஆள் வந்து இடித்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க வலி என்றால் என்னவென்று மறந்திருந்த ஆரணன் நிலத்தில் விழுந்து, காறை எலும்பு முறிந்ததை உணர்ந்தான். சபாரத்தினம் தன்னுடைய தோளைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. யாரோ தன்னிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடிவிட்டது போல அவருக்கு இருந்தது. அவர் படியில் நின்று, விசில் ஊதாத நடுவரை, இடித்தவனை, அவனுடைய ஊரை, தமிழில் உள்ள எல்லாச் சொல்லாலும் ஏசினார். கீழே ஆரணனும் அதே சொற்களால் ஏசிக்கொண்டு எழும்பினான். ஒரு கையைத் தொங்கவிட்டபடியே பந்தை வாங்கி, கம்பத்துக்கு மேலால் உதைத்தான். மரினா அவனுடைய பெயரைச் சரியாக வாசித்தாள். லண்டன் ஒரு புள்ளியால் தோற்றது.

வைத்தியசாலைக்குப் போகும் வழியில் கார் ஓட்டிய சபாரத்தினம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோகுதோ?”

“ஓம். சரியா நோகுது.”

“எனக்கு ஒண்டுமே தெரியேல்லை,” என்று அவர் கோபமாகச் சொன்னார். மகனும் விடவில்லை. ஈலிங் தாண்டும்வரை இரண்டு பேரும் அடி யாருடையது என்று சண்டை பிடித்தார்கள்.

அடுத்த சீசனிலிருந்து ஒரு பாதிக்கு ஒரு பெயரும் மறுபாதிக்கு மற்றப் பெயரும் வாசிக்கப்படுகிறது. இரண்டாம் பாதியில்தான் பலமாக இடிப்பார்கள் என்பதால் அது தனக்கே வேண்டும் என்று இருவரும் அடம்பிடித்தார்கள். ஆகவே இரு அணித் தலைவர்களுக்கும் நாணயம் சுண்டிய பிறகு, நடுவர் இன்னொரு தடவை சுண்டுகிறார். இது எதற்கு என்று கேட்கும் வெளியூர் அணிகளிடம், அது தகப்பனுக்கும் மகனுக்கும் என்று சொல்கிறார்கள். அவர்களும் தலையாட்டிவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் தவமலர் இருவருக்கும் ஐஸ் பை கொடுப்பாள். திங்கள் காலைவரை ஒருவரோடும் கதைக்க மாட்டாள்.