ஜன்னலும் ஹாலும் ஒரே படத்தில்

ஹால் தெரிந்தால் ஜன்னல் வெளுத்துப் போகிறது. ஜன்னல் தெரிந்தால் ஹால் கரி பிடித்த அடுப்படி மாதிரி ஆகிவிடுகிறது. குருவி எடுத்துக் கொடுத்த முதல் படங்களைப் பார்த்துவிட்டு அடுக்குமாடி வீடுகளின் விற்பனை அலுவலகத்து மேடம் சொன்னது இதுதான். கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கட்டட வேலையில் கத்தாமல் யார் பேசினார்கள்? மேடம் நிதானமாகச் சொன்னார்.

"கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கணும்மா. ரூமும் தெரியணும், வெளியே இருக்கிறதும் தெரியணும். போன தடவை எடுத்தவர் எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கிக் கொடுத்துட்டார். வந்து பார்த்தவங்க, படத்துல இருந்த வீடு எங்கேன்னு என்னைக் கேட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு ஹால், ஒண்ணே ஒண்ணு, சரியா எடுத்துக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

அந்த ஒரு ஹால் சரியாக வந்தால், கட்டடத்தில் முடிந்து நிற்கும் வீடுகள் அத்தனையையும் படமெடுக்கும் வேலை குருவிக்கு. வராவிட்டால் மறுபடி மணல் சட்டி. அந்தச் சட்டியோடு படியில் விழுந்துதான் அவளுடைய இடது முழங்கால் போனது. முழுக்கப் போய்விடவில்லை, ஏறும்போது பொறுத்துக்கொள்ளும், இறங்கும்போது பழிவாங்கும். எடையே இல்லாதவள் போல மேல்மாடிக்குச் சட்டி சுமந்த காலத்தில் மற்ற ஆட்கள் வைத்த பெயர் குருவி. இப்போது படியேறும் லட்சணத்துக்கு ஆமை என்று மாற்றியிருக்கலாம். யாருக்கும் மனசு வரவில்லை.

கால் ஆறுவதற்காக வீட்டில் கிடந்தபோது நாத்தனார் ஒரு கேமராவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவில் ஒதுக்கிப் போட்டிருந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கியது, பிழைப்பாகும் போலத் தெரிந்தது.

இந்த ஜன்னல் தகராறுக்கும் நாத்தனார்தான் வழி சொன்னாள். கேமராவை ட்ரைபாட் என்ற முக்காலியில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, இன்னும் வெளிச்சமாக ஒன்று என்று வரிசையாக எடுக்க வேண்டும். இருட்டுப் படத்தில் ஜன்னல் நன்றாக இருக்கும், வெளிச்சப் படத்தில் ஹால் நன்றாக இருக்கும். நல்லதை எல்லாம் பொறுக்கி ஒரே படமாகச் சேர்க்க மென்பொருள் இருக்கிறது.

குருவி அன்றைக்கே அப்படியே செய்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் பாதி எழும்பி நின்றது. அதைச் சுற்றிக் கட்டிய சாரத்தின் மேல் அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான். சாரம் கட்டுவதுதான் அவன் தொழில். அசையாமல் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். நின்றான். முதல் படம் எடுத்து முடித்த நேரம் பார்த்து மேஸ்திரி கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். சும்மா நிற்கிறவன் மேஸ்திரி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது மனசுக்கு எட்டுவதற்கு முன்னாலேயே உடம்புக்குத் தெரியும். அவன் குனிந்தான், கயிற்றை இழுத்தான், ஒரு கம்பைத் தூக்கித் தோளில் வைத்தான். குருவி அதைக் கவனிக்கவில்லை. கேமராவிலேயே கண்ணாக இருந்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நாத்தனாரின் லேப்டாப்பைத் திறந்து இருவரும் உட்கார்ந்தார்கள். சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கக் கிடைத்த மூன்று மென்பொருள்களை நாத்தனார் ஏற்றி வைத்திருந்தாள். சொந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று மூன்றுக்கும் தானே பெயர் வைத்திருந்தாள்: சோம்பேறி, மினுக்கி, முரடன்.

முரடனை முதலில் ஓட்டினார்கள். லேப்டாப் விசிறி ஆலை மாதிரி இரைந்தது, திரை அப்படியே நின்றது. இரண்டு தடவை மூடித் திறந்தும் அதே கதை. இந்த லேப்டாப்புக்கு அவன் ஆகமாட்டான் என்று நாத்தனார் கைகழுவினாள்.

சோம்பேறி மெதுவாகத்தான் சேர்த்தது. ஆனால் சேர்த்த ஹாலைப் பார்த்ததும் குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுவர் சுவராக இருந்தது. ஜன்னலிலிருந்து தரையில் விழுந்த வெயில், எடுக்கும்போது அவள் காலில் சுட்ட அதே வெயில். ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுக்காமல் இருந்தது. சாரத்தின் மேல் மட்டும் அவள் கணவன் மூன்று பேராக நின்றான். மூன்று பேருக்குள்ளும் பின்னால் இருந்த செங்கல் தெரிந்தது. ஒருவனுக்குத் தலை இல்லை.

கையில் டீயோடு வந்து எட்டிப் பார்த்த கணவன், மூன்று ஆள் வேலையை ஒருத்தனாகச் செய்கிறேன் என்று இத்தனை வருஷமாகச் சொன்னது இப்போதாவது புரிகிறதா என்று கேட்டான்.

"புரியுதுண்ணே. அதுல ஒருத்தனுக்குத் தலை வேற கிடையாது. சரியாத்தான் எடுத்திருக்கு," என்றாள் தங்கை.

எடுக்கும்போது அசைந்தவர்கள் இப்படித்தான் ஆவியாகத் தெரிவார்கள் என்று அவள் அண்ணிக்கு விளக்கினாள். இவ்வளவு தூரம் அசைந்தால் சோம்பேறிக்குச் சரிசெய்யத் தெரியாது. மினுக்கிக்குத் தெரியும். மினுக்கியைத் திறந்து ஆவிகளை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. சாரம் காலியாக இருந்தது.

"என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு மேஸ்திரி எத்தனை நாளா பார்க்கிறார். இது ஒரு பொத்தான்ல தூக்கிடுச்சே," என்றான் கணவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் திரையில் தான் நின்ற இடத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

நாத்தனாருக்கு மினுக்கியைத்தான் பிடித்திருந்தது. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் இந்தப் பளிச்சென்ற நிறத்துக்குத்தான் மயங்குவார்கள் என்றாள். வேலை முடிந்தது, இதையே அனுப்பிவிடலாம் என்றாள். குருவி படத்தைப் பெரிதாக்கிச் சுவரைப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். கூரையின் மூலைகளில் சாம்பல் நிறம் திட்டுத் திட்டாக.

"இது என்னன்னு தெரியுதா உனக்கு?"

"நிழல் அண்ணி. படத்துக்கு ஒரு அழுத்தம் வேணும்ல."

"பார்க்கிறவங்களுக்கு இது ஓதம். சுவர்ல ஈரம் ஏறியிருக்குன்னு நினைப்பாங்க. புது வீட்டுல ஓதம் ஏறியிருந்தா நீ வாங்குவியா?"

நாத்தனார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் கோபமும் வந்தது. சரி, சோம்பேறியையே கட்டிக்கொண்டு அழு, தலையில்லாத புருஷனை மேடத்துக்குக் காட்டு என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, மினுக்கியில் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் பட்டைகள் எல்லாவற்றையும் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். மினுக்கைக் குறைத்தால் ஜன்னல் வெளுத்தது. கூட்டினால் ஓதம் ஏறியது.

ஆக, சோம்பேறிதான். அதற்கு அசையாத ஆட்கள் வேண்டும். வேலை நேரத்தில் அசையாத ஆளுக்கு எங்கே போவது?

காலையில் குருவி மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தாள். சாரத்து ஆட்கள் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும் என்றாள். அவர் மறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நின்றால் அவருக்கு மேலே இருப்பவருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அவரிடம் இல்லை என்றார். பிறகு அவராகவே கேட்டார்: "மணி அடிச்சப்புறம் எவனாவது அசைஞ்சு பார்த்திருக்கியா?"

சாப்பாட்டு மணி அடித்தால் இவளும்தான் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தவள். கேமரா கைக்கு வந்ததும் அது எப்படி மறந்துபோனது?

ஒரே சிக்கல், அந்த நேரத்து வெயில். ஜன்னல் கொதிக்கும், ஹால் இன்னும் இருளும். நாத்தனாருக்குப் போன் செய்தாள். நேற்றைய கோபம் இன்னும் மிச்சமிருந்தது; "என்ன, மினுக்கி ஞாபகம் வந்துடுச்சா?" என்றுதான் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் குரல் மாறியது. இருட்டுப் பக்கம் இன்னும் இரண்டு படம் சேர்த்து எடு, கேமராவை விரலால் தொடாதே, டைமரில் வை என்றாள்.

மணி அடித்தது. சாரத்தின் மேல் இரைச்சல் அடங்கியது. கணவன் பலகையில் உட்கார்ந்து மடியில் டப்பாவை வைத்தான். தலைக்கு மேல் காற்றில் ஆடிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், துண்டை உருவி அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான். டப்பாவைத் திறக்கவில்லை. பசியோடு வந்த மனுஷன் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததைக் குருவி அன்றுதான் பார்த்தாள். கடைசிப் படம் விழுந்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் மூடியைத் திறந்தான்.

நாத்தனாரின் லேப்டாப்பை விற்பனை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டு போனாள். சோம்பேறி தன் புத்தியைக் காட்டியது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், வேறு படம் இல்லையா என்று கேட்டார். குருவிக்கு மினுக்கியின் படமும் அதே லேப்டாப்பில் இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். "இப்போ வந்துடும் மேடம்," என்று மட்டும் சொன்னாள். கையை லேப்டாப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படம் வந்தது.

மேடம் ஹாலை மேய்ந்தார். சுவரின் மூலைகளைப் பெரிதாக்கினார். தரையைப் பெரிதாக்கினார். பிறகு ஜன்னலுக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"சாரத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே."

"ஆமா மேடம். அந்தச் சாரத்தைக் கட்டினவர். என் வீட்டுக்காரர்."

மேடம் இன்னும் பெரிதாக்கினார். ஒரு தலை, இரண்டு கை, ஒரு டப்பா. டப்பாவின் கைப்பிடிகூடத் தெரிந்தது.

"சாரம் எப்போ பிரிப்பாங்க?"

"மழைக்கு முன்னாடி மேடம்."

"பிரிச்சதும் இந்த ஹாலை மட்டும் மறுபடி எடுத்துக் கொடுங்க. அதுவரைக்கும் இதையே போட்டுக்கறேன். மத்த வீட்டுச் சாவியெல்லாம் வாட்ச்மேன்கிட்ட இருக்கு, வாங்கிக்கோங்க. மேல் மாடியில ஆரம்பிச்சா வெளிச்சம் நல்லா இருக்குமா?"

குருவி படிக்கட்டை நினைத்தாள். "நல்லா இருக்கும் மேடம்," என்றாள்.

வெளியே கணவன் காலி டப்பாவோடு நின்றிருந்தான். சேதியைச் சொன்னாள். சாரம் பிரித்ததும் மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"அப்போ அந்தப் படத்துல நான் இருக்க மாட்டேன்."

"இருக்க மாட்டீங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பரவாயில்லை. அடுத்த சாரம் இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம்தான் கட்டறோம். சமையலறை ஜன்னல்ல தெரிவேன்."

சொல்லிவிட்டு ட்ரைபாடை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் வைத்தான். மேல் மாடிவரை தூக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதாகச் சொன்னான். சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. குருவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து ஏறத் தொடங்கினாள்.